வரிக்கு விலைபோகும் வீடு, வட்டிக்கு விலைபோகும் காணி

சந்தையில் ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சியடைவது மனித இயல்பு. விளைச்சல் பெருகினால் வெங்காயம் மலியும், மீன்பாடு நன்றாக இருந்தால் சூடை மலியும். ஆனால் காணி அப்படியானதன்று. காணிக்கு விளைச்சல் காலம் என்று ஒன்றில்லை. ஒரு காணி பாதி விலைக்கு வருகின்றதென்றால், அதன் பின்னால் பெரும்பாலும் நோயோ, கடனோ, மரணமோ, இடப்பெயர்வோ, வரி நிலுவையோ இருக்கும். ஆகவே மலிவான காணியை வாங்குபவர் ஒரு நிலத்துண்டை மட்டுமல்ல, இன்னொருவருடைய இடரையும் சேர்த்தே வாங்குகின்றார்.

அண்மைக் காலமாக இவ்வாறான இடர்க் காணிகளை வாங்கிச் செல்வம் சேர்ப்பது பற்றிய பேச்சு எங்கும் பரவி வருகின்றது. அமெரிக்காவில் சில ஆயிரம் டொலருக்கு வீடு வாங்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அங்கு வாழும் எம்மவர் சிலரும் இதில் ஈடுபாடு காட்டுகின்றனர். அதே எண்ணத்துடன் ஊரிலும் கடனில் விழுந்தவர்களின் காணியைத் தேடி வாங்கும்படி பணம் அனுப்புவோரும் உளர். எனவே இந்த வியாபாரம் எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் இழப்பவர் யார், நமது சட்டமும் நமது விசுவாசமும் இது பற்றி என்ன சொல்கின்றன என்பவற்றை ஆராய்வது பயனுள்ளதாகும்.

அமெரிக்காவின் வரி உறுதி

அமெரிக்காவில் வீட்டுக்கும் காணிக்கும் ஆண்டுதோறும் வரி அறவிடப்படுகின்றது. நமது ஊரில் சோலைவரி என்கின்றோமே, அது போன்றது. ஆனால் தொகை மிகப் பெரிது. கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களும் பாடசாலைகளும் இவ்வரியிலேயே பெரிதும் தங்கியுள்ளன. அதனால் வரி நிலுவை ஏற்பட்டால், வங்கியின் ஈட்டுக் கடனையும் முந்திக்கொண்டு வரிக்கடனே அந்த ஆதனத்தின் மீது முதலிடம் பெறுகின்றது.

நிலுவையை அறவிட இரு வழிகள் உண்டு. முதலாவது வழியில், நிலுவையைச் செலுத்தும் உரிமை முதலீட்டாளருக்கு ஏலம் விடப்படும். அவர் வரியைக் கட்டி ஒரு சான்றிதழ் பெறுவார். வீட்டுக்காரர் பின்னர் வட்டியுடன் அப்பணத்தைச் செலுத்த வேண்டும். புளோரிடா மாநிலத்தில் இவ்வட்டியின் உச்சம் நூற்றுக்கு 18. இரண்டு ஆண்டுகள் கடந்தும் பணம் கட்டப்படாவிட்டால், சான்றிதழ் வைத்திருப்பவர் வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவரலாம். இரண்டாவது வழியில், நிர்வாகமே ஆதனத்தை ஏலத்தில் விற்று, வாங்கியவருக்கு வரி உறுதி என்னும் பத்திரத்தை எழுதிக் கொடுக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தில் விற்பனைக்குப் பின்னரும் மீட்கும் உரிமை உண்டு. குடியிருக்கும் வீட்டையும் விவசாயக் காணியையும் பழைய உரிமையாளர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீட்கலாம். ஆனால் முதலாம் ஆண்டில் மீட்டால் நூற்றுக்கு 25, இரண்டாம் ஆண்டில் மீட்டால் நூற்றுக்கு 50 என மேலதிகமாகக் கொடுக்க வேண்டும்.

இது இலகுவான இலாபம் போலத் தோன்றலாம். உண்மை வேறு. ஏலத்தில் எடுப்பவர் பெரும்பாலும் வீட்டின் உள்ளே சென்று பார்க்க முடியாது. கூரை ஒழுகுகின்றதா, அத்திவாரம் வெடித்துள்ளதா என்பது வாங்கிய பின்னரே தெரியவரும். வீட்டினுள் ஒரு குடும்பம் இருந்தால் அவர்களை வெளியேற்றும் பொறுப்பும் வாங்கியவரைச் சேரும். வரி உறுதியினால் கிடைக்கும் உரித்தில் ஐயம் இருப்பதால், அதைத் தெளிவாக்க நீதிமன்றில் தனி வழக்கும் தொடர நேரிடுகின்றது. ஏலத்தில் நல்ல ஆதனங்களைப் பெரும் நிறுவனங்கள் கணக்குப் பார்த்து எடுத்துவிடும். எஞ்சும் சதுப்பும் பாதையற்ற துண்டுகளும் தூரத்தில் இருந்து பணம் அனுப்புகின்றவரின் தலையில் விழும்.

ஒரு மூதாட்டியின் வழக்கு

இம்முறையின் அநீதியை உலகறியச் செய்தவர் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜெரல்டின் டைலர் என்னும் மூதாட்டி. மினியாபொலிஸ் நகரில் அவருக்கு ஒரு சிறு தொடர்மாடி வீடு இருந்தது. முதுமையில் அவர் வேறிடம் சென்று வாழ்ந்தபோது வீட்டு வரி நிலுவையாயிற்று. வரி ஏறத்தாழ 2,300 டொலர்தான். தண்டமும் வட்டியும் செலவும் சேர்ந்து அது சுமார் 15,000 டொலராகப் பெருகியது. ஹெனெபின் கவுண்டி நிர்வாகம் வீட்டைக் கைப்பற்றி 40,000 டொலருக்கு விற்றது. நிலுவை போக எஞ்சிய 25,000 டொலரையும் மூதாட்டிக்குக் கொடாமல் தானே வைத்துக்கொண்டது. அந்த மாநிலத்தின் சட்டம் அதற்கு இடமளித்தது.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2023 மே 25 அன்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாக அம்மூதாட்டியின் பக்கம் தீர்ப்பளித்தனர். அப்போது அவருக்கு வயது 94. அரசு தனக்குரிய வரியை எடுக்கலாம், அதற்கு மேல் எடுப்பது நட்டஈடின்றித் தனியார் சொத்தைப் பறிப்பதாகும் என்பதே தீர்ப்பின் சாரம். 1215 ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா சாசனம் வரை இக்கொள்கையின் வேர் செல்கின்றது என்று பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ் எடுத்துக் காட்டினார். சீசருக்கு உரியதைப் பற்றி இயேசு கூறியதையும் தொட்டு, அதற்கு மேல் சீசருக்கு உரிமையில்லை என்று முடித்தார்.

இவ்வழக்கிலிருந்து ஒரு கேள்வியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடன் போக மிஞ்சுவது யாருக்குரியது? நமது ஊர்க் கொடுக்கல் வாங்கல்களையும் இதே கேள்வியை வைத்து அளந்து பார்ப்போம்.

பங்கு பிரிக்காத முதுசம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டுக் காணிகளை வாங்கினர். பலர் மரணசாசனம் எழுதாமல் இறந்தனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பங்கு பிரிக்காமலே ஆண்டனர். உறுதி ஒருவர் பெயரில், வரி இன்னொருவர் கையில், ஏனையோர் தூர நகரங்களில் என்ற நிலை உருவாயிற்று. வரி அறிவித்தல் யாருக்கும் சேராமல் காணி ஏலம் போனது. அல்லது வெளியார் ஒருவர் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு பங்குவழக்குத் தொடர, முழுக் காணியுமே விற்கப்பட்டது. ஜோர்ஜியா மாநிலத்தின் சப்பலோ தீவில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் சிற்றூரில் 2012 இல் காணிகளின் பெறுமதி உயர்த்தி மதிப்பிடப்பட்டது. வரி பன்மடங்கு ஏறி, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் தம் காணியை இழக்கும் அச்சத்துக்கு உள்ளாயின.

இதற்குப் பரிகாரமாக 2010 இல் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டுப் பல மாநிலங்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பங்காளி ஒருவர் விற்பனை கோரி வழக்கிட்டால், மதிப்பிட்ட விலைக்கு அவருடைய பங்கை வாங்கும் முதல் வாய்ப்பு ஏனைய பங்காளிகளுக்கு வழங்கப்பட வேண்டும் என்பது அதன் முக்கிய ஏற்பாடு.

இது நமக்குப் புதிதன்று. தேசவழமையில் இவ்வெண்ணம் தொன்றுதொட்டு உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டத்தின்படி, பங்குக் காணியை விற்க விரும்புபவர் தம் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வேலிக்கு அப்பால் இருப்பவன் அந்நியனாக இருந்துவிடக் கூடாது என்ற கிராமத்து அக்கறையே இச்சட்டத்தின் உள்ளுயிர். இன்று பலர் இதை ஒரு சம்பிரதாயமாகக் கருதி, பங்காளிகள் அறியாமல் விற்பனையை முடித்துவிடுகின்றனர்.

வலப்பனையில் நடந்தது

வரிக்காகக் காணி விற்ற வரலாறு நமது நாட்டுக்கும் உண்டு. பிரித்தானியர் காலத்தில் நெல்லுக்கு வரி விதிக்கப்பட்டிருந்தது. 1878 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், அவ்வரியைப் பணமாகச் செலுத்தும் முறை கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அதே காலத்தில், 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்துக்கொண்டிருந்தது. கோப்பியினால் கிராமத்தவர் கையில் புழங்கிய காசு அற்றுப்போனது. வயலில் நெல் இருந்தாலும் வரி கட்டப் பணமில்லை.

1882 முதல் 1885 வரை நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் சொற்ப நிலுவைக்காக வயல்கள் ஏலம் விடப்பட்டன. உழவர் குடும்பங்கள் பரம்பரை வயல்களை இழந்தன. பலர் ஊரை விட்டு வெளியேறினர். பட்டினியும் நோயும் பரவின. உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இந்த அவலத்தை அறிக்கையிட்டார். வர்த்தகராகவும் தோட்டத்துரையாகவும் இருந்த ஜோர்ஜ் வோல் நெல் வரிக்கு எதிராகப் பரப்புரை செய்தார். இறுதியில் தேசாதிபதி ஆதர் ஹவ்லொக் காலத்தில், 1892 இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது. ஆனால் ஏலம் போன வயல்கள் வரி ஒழிந்ததனால் மாத்திரம் உழவரிடம் திரும்பிவிடவில்லை.

சோலைவரி நிலுவைக்காகப் பொருட்களையும் ஆதனத்தையும் கைப்பற்றி விற்கும் அதிகாரம் நமது உள்ளூராட்சிச் சட்டங்களிலும் உண்டு. எனினும் இன்று நம் கிராமங்களில் காணி கைமாறுவதற்கு வரி முக்கிய காரணமன்று. வட்டியே காரணம்.

அறுதி உறுதி என்னும் பொறி

ஈடு வைப்பதற்கும் அறுதியாக எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். ஈட்டில் காணி கடன்பட்டவருடையதாகவே இருக்கும். கடன் கொடுத்தவர் வழக்கிட்டு, நீதிமன்றக் கட்டளையின் பேரிலேயே காணியை விற்பிக்கலாம். மிஞ்சும் பணம் கடனாளிக்குரியது. அறுதி உறுதியில் காணி அன்றே கைமாறுகின்றது. குறித்த தவணைக்குள் பணத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனை சில உறுதிகளில் எழுதப்பட்டிருக்கும். பல உறுதிகளில் அதுவும் இல்லை, வாய்ச்சொல் மட்டுமே.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பரப்புத் தோட்டக்காணி உண்டு. பரப்பு 4 இலட்சமாக அதன் பெறுமதி 40 இலட்சம் ரூபா. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப 6 இலட்சம் தேவைப்பட, நூற்றுக்கு மாதம் 4 ரூபா வட்டிக்கு எடுத்து, இரண்டு ஆண்டுத் தவணையில் அறுதி எழுதிக் கொடுக்கின்றனர். மாத வட்டி 24,000 ரூபா. பயணம் இடையில் தடைப்பட்டு, ஒரு சதமும் கட்ட முடியாமற் போனால், இரண்டு ஆண்டு முடிவில் முதலும் வட்டியும் 11,76,000 ரூபா. தவணை தப்பியதும் முழுக் காணியும் கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகின்றது. மிஞ்சிய 28,24,000 ரூபா எங்கே? மினசோட்டாவில் மூதாட்டியின் மிச்சப் பணத்தை அரசு விழுங்கியது. இங்கே அயலவர் விழுங்குகின்றார்.

அதே குடும்பம் தொடக்கத்திலேயே இரண்டு பரப்பை நியாய விலைக்கு வெளிப்படையாக விற்றிருந்தால் 8 இலட்சம் கிடைத்திருக்கும். எட்டுப் பரப்பு எஞ்சியிருக்கும். காணியை விற்பது வெட்கம் என்று எண்ணி மறைவாக அறுதி எழுதுவதாலேயே முழுவதையும் இழக்க நேரிடுகின்றது. சீதனக் காணியென்றால் அவ்வீட்டுப் பெண்பிள்ளையின் எதிர்காலமும் அதனுடன் போகின்றது.

வங்கிக் கடனிலும் ஆபத்துண்டு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த ஆதனத்தை வங்கி நீதிமன்றம் செல்லாமலே தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலம் விடலாம். பராட்டே எனப்படும் இவ்வதிகாரம், 2022 இன் பொருளாதார நெருக்கடியால் வீழ்ந்த சிறு முயற்சியாளர்களின் கோரிக்கையை அடுத்து, 2024 இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. அது கடனை அழிக்கவில்லை, காலத்தை மட்டுமே நீட்டியது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காது, உடனே முகாமையாளரைக் கண்டு தவணை மாற்றம் கேட்க வேண்டும்.

சட்டத்தில் உள்ள வாசல்கள்

இடரில் இருப்பவருக்குச் சட்டம் சில வாசல்களைத் திறந்து வைத்துள்ளது.

முதலாவது, கடன் இணக்கச் சபை. 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இச்சபை நீதி அமைச்சின் கீழ் இயங்குகின்றது. ஈட்டுக் கடன், நிபந்தனை உறுதி ஆகியவை தொடர்பாக இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காண முயலும். ஆனால் நிபந்தனை உறுதியாயின், மீட்கும் தவணை முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். தவணை தப்பிய பின் ஓடுவதால் பயனில்லை.

இரண்டாவது, நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு. உறுதியில் விற்பனை என்று எழுதியிருந்தாலும், உண்மையில் அது கடனுக்கான பிணையே என்று காட்டினால், வாங்கியவர் காணியைச் சொந்தக்காரருக்காக வைத்திருப்பவராகவே நீதிமன்றம் கருதலாம். காணியில் தொடர்ந்து இருந்தவர் யார், விலை மிகக் குறைவா, உறுதிச் செலவைக் கொடுத்தவர் யார் என்பவை கவனிக்கப்படும். எனவே காணியை விட்டு விலகாதிருப்பதும், வட்டி கட்டிய துண்டுகளையும் சோலைவரிப் பற்றுச்சீட்டுகளையும் பேணுவதும் முக்கியம்.

மூன்றாவது, உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த லேசியோ எனோர்மிஸ் என்னும் கொள்கை. உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவர் விற்பனையை நீக்கும்படி கோரலாம். பெறுமதியை அறிந்தே விற்றவருக்கு இது உதவாது. இது எளிதான வழியுமன்று. ஆயினும் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன் என்று பெருமை பேசுவோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

வழக்குச் செலவுக்கு வழியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களை நாடலாம்.

வாங்குபவர் கவனத்திற்கு

காணி வாங்குவது பாவமன்று. நியாய விலை கொடுத்து வாங்குபவர், விற்பவரின் வட்டிச் சுமையை நிறுத்தி நன்மையே செய்கின்றார். ஆனால் அவரும் விழிப்பாயிருக்க வேண்டும். காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. சோலைவரிப் பற்றுச்சீட்டு உறுதியாகாது. வரி கட்டியவர் எல்லோரும் உரிமையாளர் அல்லர். அற்றோணித் தத்துவத்தின் மூலம் விற்பதாயின், அது பதியப்பட்டதா, கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என்று அறிய வேண்டும். அவர் இறந்ததும் தத்துவமும் முடிந்துவிடும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியைத் தாளில் எழுதி விற்பது செல்லாது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குடியேற்றக் காணிகளை இவ்வாறு வாங்குவோர் தம் பணத்தையும் இழக்கின்றனர், ஏழையின் நிலத்தையும் வழக்கில் சிக்க வைக்கின்றனர்.

மீட்பவர் யார்?

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் நம் கிராமங்களுக்காகவே எழுதப்பட்டது போலுள்ளது. அங்கு மக்கள் உணவுக்காக வயல்களை அடகு வைக்கின்றனர். அரசனின் வரியைக் கட்டக் கடன்படுகின்றனர். பிள்ளைகளையும் அடிமைகளாக்க நேரிடுகின்றது. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர். நெகேமியா அவர்களைக் கூட்டி, சபை முன்னிலையில் கண்டித்து, வயல்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரமோ, வறுமையால் ஒருவர் காணியை விற்றால் நெருங்கிய உறவினர் முன்வந்து அதை மீட்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. மீட்பர் என்ற சொல்லை நாம் ஆண்டவருக்குரியதாகவே அறிவோம். அச்சொல்லின் ஒரு வேர், உறவினரின் காணியை மீட்டுக் கொடுப்பவரில் உள்ளது. தனிச் சொத்தின் மீது ஒரு சமூக ஈடு உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். உறுதி நம் பெயரில் இருந்தாலும், ஏழைகள் அதன் ஈட்டுக்காரர் என்பது இதன் பொருள்.

ஆகவே, பங்குகளும் அன்பியங்களும் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களும் இணைந்து காணி மீட்பு நிதியம் ஒன்றைத் தொடங்கலாம். தவணை முடியும் நிலையில் உள்ள உறுதியை, முடிவதற்கு முன்னரே நிதியம் பணம் செலுத்தி மீட்க வேண்டும். காணி குடும்பத்தின் பெயருக்கே திரும்ப வேண்டும். நிதியம் அறுதி எழுதாது, ஈடு மட்டும் பெற வேண்டும். குடும்பம் குறைந்த வட்டியுடன் நான்கைந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்தும். திரும்பிய பணம் அடுத்த குடும்பத்துக்குச் செல்லும். கணக்கு ஆண்டுதோறும் ஆலய முன்றலில் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட வேண்டும்.

வெளிநாட்டில் உழைக்கும் எம் உறவினர்களிடம் நாம் கேட்பதும் இதுவே. ஊரில் காணி வாங்க 40 இலட்சம் அனுப்புபவர், அதில் 6 இலட்சத்தை ஒரு மீட்புக்கு வைப்பிலிட்டால், அப்பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், ஒரு குடும்பமும் தன் கிணற்றடியில் இருக்கும். உங்கள் அயலில் இவ்வாண்டு தவணை முடியும் அறுதி உறுதி எத்தனை உண்டென்று அடுத்த அன்பியக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பலர் வாய் திறக்கத் தயங்குவர். ஒருவராவது சொன்னால், தவணை நாளை எழுதிக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்குங்கள்.